ஏலக்காரர் ராஜமாணிக்கத்தின் படம்

திருவண்ணாமலை
17-8-1978

அன்புள்ள தம்பி சக்கரபாணிக்கு,

அக்கா சரோஜா எழுதுவது. நானும் கஸ்தூரியும் நன்றாக இருக்கிறோம். உன் மாமாவைப் பற்றித்தான் எழுதவேண்டி இருக்கிறது. அவர் மண்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

பங்குனியிலிருந்து அவருக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். முதலில் பல் கடித்துவிட்டது என்றார். பிறகு உஷ்ணம் என்றார். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டாக்டர் ஊதா மருந்து தடவினார். வாய் ஊதாவானதுதான் மிச்சம். இப்போது வாயை முழுதாகத் திறக்க வரவில்லை. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து விரலால் உள்ளே தள்ளுகிறார். காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்தில் போனால் ஒரு வாடை அடிக்கிறது. கட்டினவரைப் பற்றி இதை எழுதக் கூடாதுதான். டாக்டர் கேட்டால் நீ சொல்லவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நசீருதீன் சாயபு கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு ஏலம் கூறுவது இவர்தான் என்பது உனக்குத் தெரியும். மண்டியில் அவர் கூறினால் தேரடியில் இருப்பவனுக்குக் கேட்கும். இப்போது நடுவில் நிறுத்திக் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாராம். போன வாரம் ஒரு வியாபாரி, "இன்னா ராஜமாணிக்கம், வாயில கொழுக்கட்டையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

புகையிலையை மட்டும் விடவில்லை. அதே கன்னத்தில்தான் அதக்கிக்கொள்கிறார். "அது வெச்சாத்தான் வலி மரத்துப் போவுது" என்கிறார்.

கஸ்தூரியைப் போளூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல இடம். இந்த நேரத்தில் இவர் இப்படி இருக்கிறார். நீ பெரிய ஆஸ்பத்திரியில் போட்டோ எடுக்கும் வேலையில் இருக்கிறாய். டாக்டர்களோடு பழகுகிறவன். யாரையாவது கேட்டு மருந்து பெயர் எழுதி அனுப்பு.

அக்கா
சரோஜா


சென்னை
22-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்துப் பெயர் கேட்டிருக்கிறாய். எழுதி அனுப்புகிற மாதிரி மருந்து இதற்குக் கிடையாது. மாமாவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு வா.

என் வேலை என்னவென்று நான் உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. காலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு ஸ்டூல். "வாயைத் திறங்க" என்பேன். சிலருக்கு ஒரு விரல் நுழைகிற அளவுதான் திறக்கும். விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் உள்ளே படம் எடுப்பேன். எந்தக் கன்னத்தில் புகையிலை வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம், புண் சொல்லிவிடும். அதைப் புற்று என்பார்கள். மாமாவின் வாயை நான் பார்க்கவில்லை, அதனால் அதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ எழுதியிருப்பதையெல்லாம் நான் தினமும் பார்க்கிறேன்.

சிகரெட் பெட்டியில் உடம்புக்குக் கெடுதல் என்று அச்சடிக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில், எறும்பு ஊர்கிற எழுத்தில். மாமா மடியில் வைத்திருக்கிற பொட்டலத்தில் யார் அச்சடிப்பார்கள்? நாம்தான் வாயால் சொல்லவேண்டும். நீயும் சாப்பிட்டதும் வெற்றிலையோடு ஒரு கிள்ளு போடுகிறாய். அதையும் நிறுத்து.

அவருக்குக் கோபம் வரும். பஸ் ஏறிவிட்டுக் கோபப்படச் சொல்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
10-9-1978

தம்பிக்கு,

உன் கடிதத்தை அந்த வார்த்தையை விட்டுவிட்டுத்தான் படித்துக் காட்டினேன். நான் தடுமாறியதைக் கண்டு அவரே வாங்கிப் படித்துவிட்டார்.

"உன் தம்பி போட்டோ புடிக்கிறவனா, டாக்டரா?" என்றார். "எங்கப்பா சாவற வரைக்கும் பொகையில போட்டாரு. அவருக்கு இன்னா ஆயிடுச்சி?"

அடி அண்ணாமலையிலிருந்து அவருடைய அண்ணன் ஆதிமூலம் வந்திருந்தார். அவரும் கன்னத்தில் ஒரு உருண்டையோடு உட்கார்ந்து, "மெட்ராசுக்குப் போனா அறுக்காம வுடமாட்டாங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. புது மல்லாட்டை வரப்போகிறது, அப்புறம் தீபம், எல்லாம் முடிந்து தையில் பார்க்கலாம் என்கிறார். நசீருதீன் சாயபுகூட, "நீ போய்ட்டு வா, உன் எடத்துல யாரையும் போடமாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

நேற்று கிணற்றடிக்குப் போனபோது பார்த்தேன். கண்ணாடியை மரத்தில் மாட்டி, டார்ச் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த வார்த்தையை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. இன்லண்டு லெட்டரை யார் வேண்டுமானாலும் ஓரமாகப் பிரித்துப் பார்க்கலாம். போளூர்க்காரர்கள் காதுக்குப் போனால் என் பெண்ணை யார் எடுப்பார்கள்? ஒரு கிள்ளு புகையிலைக்கு என்னைக் கணக்கில் சேர்க்காதே. நான் என்ன அவரைப் போலவா போடுகிறேன்?

சரோஜா


திருவண்ணாமலை
6-5-1979

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துத் துண்டால் முகத்தைச் சுற்றிவிட்டேன். செங்கம் போகிற ஒருவர், "பல்வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தையில் நாங்கள் வந்து இறங்கியபோது உங்கள் டாக்டர், "மழைக்கு முன்னாடியே வந்திருக்கக்கூடாதா அம்மா?" என்று கேட்டது காதிலேயே நிற்கிறது. பாதித் தாடையை எடுத்தார்கள், பாதி நாக்கை எடுத்தார்கள், மிச்சத்தைக் கருக்கக் கதிர் என்று கரண்ட் வைத்தார்கள். நீ வராண்டாவிலேயே படுத்து எல்லாம் பார்த்தாய். அதற்கு நான் என்ன எழுதுவது?

கஸ்தூரிக்குப் பால் புகட்டிய பாலாடை பரணில் இருந்தது. அதில்தான் கஞ்சி கொடுக்கிறேன். பாதி வழிந்துவிடுகிறது. துடைக்க வந்தால் கையைத் தட்டிவிட்டுத் தானே துடைத்துக்கொள்கிறார். பேச்சு என்று ஒரு சத்தம் வருகிறது. எனக்குப் புரியவில்லை, கஸ்தூரிக்குப் புரிகிறது. தண்ணீர், வெளிச்சம், ஜன்னலை மூடு என்று அவள்தான் எனக்குச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எங்கள் வாசல் வழியாக இப்போது நடப்பதில்லை, ஓடுகிறார்கள்.

மண்டியில் சகாதேவன் என்கிற பிள்ளை ஏலம் கூறுகிறான். சாயபுவைக் குறை சொல்லமுடியாது, எவ்வளவு நாள் காத்திருப்பார்? காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவன் குரல் வீட்டுக்குக் கேட்கும். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. சாப்பிட்டதும் நான் பின்கட்டுக்குப் போய்த்தான் வெற்றிலை போடுகிறேன், அவர் கண்ணில் படக்கூடாது என்று. ஒருநாள் போட்டுவிட்டு வந்து அவருக்குத் துண்டு மாற்றக் குனிந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, என் வாய்க்கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, மூச்சை இழுத்து இழுத்து அந்த வாசனையை மோந்தார். இவ்வளவுக்குப் பிறகும் மனுஷனுக்கு அது வேண்டியிருக்கிறது. நான் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன். அன்றைக்கே விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போட்டேன். இப்போது அவர் தூங்கும்போது மட்டும்.

போளூர்க்காரர்களிடம் தாடையில் கட்டி, ஆபரேஷன் ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். தையில் கல்யாணம்.

சரோஜா


சென்னை
14-5-1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. போனேன். ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தவர் ஒரு பெண்பிள்ளை, உன் வயது. வீட்டு வேலையெல்லாம் முடிந்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான் என்றாள். உன்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மாமாவை ஆனியில் ஒருமுறை காட்டக் கூட்டிவரவேண்டும். காதுக்குக் கீழே, கழுத்தில், தினமும் தடவிப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் எழுதாதே, வந்துவிடு.

போளூர்க்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். இது ஒட்டுகிற வியாதி இல்லை, வம்சத்தில் வருகிறதும் இல்லை, புகையிலையால் வந்தது என்று நான் வந்து சொல்கிறேன். வேண்டாம் என்றால் விடு.

இங்கே எங்கள் பிரிவில் ஒரு வேலை நடக்கிறது. அதைப் பற்றி நேரில் பேசவேண்டும்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
5-12-1979

சக்கரபாணிக்கு,

நேரில் பேசவேண்டும் என்று எழுதினாயே, அது இதுதானா?

தீபத்துக்குப் போளூர் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள், கடைவீதியைச் சுற்றிப் பார்க்கலாம் என்றாள். பள்ளிக்கூட மைதானத்தில் சுகாதாரக் கண்காட்சி என்று கொட்டகை போட்டு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கும்பலோடு கும்பலாக நாங்களும் நுழைந்தோம். எதிர்த் தட்டியில் உன் மாமா.

கதவு உயரத்துக்கு இருக்கிறார். துண்டு இல்லை. தாடை இருந்த இடம் குழியாக, தையல் போட்ட கோடு கழுத்து வரைக்கும். நான் கட்டின மனைவி, அந்தப் புண்ணை நானே அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்தது கிடையாது. கீழே 'புகையிலையின் விளைவு' என்று சிவப்பு எழுத்து. கண்ணுக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறாய். கண்ணை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவாரா? காதில் கடுக்கன் தெரிகிறது. மூட்டைக் கொக்கி கிழித்த நெற்றித் தழும்பு தெரிகிறது. எனக்குப் பின்னால் ஒருவன், "தே, இது நம்ம மண்டி ஏலக்காரரு இல்ல?" என்றான். இன்னொருவன், "இல்லப்பா, வடநாட்டு ஆளு. குஷ்டம் போல கீது" என்றான்.

வெள்ளையம்மாள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதத்தான் கட்டின்னு சொன்னீங்களா?" என்றாள். தீபம் ஏற்றுகிற வரைக்கும்கூட இருக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். மறுநாள் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ரத்தத்தில் வருகிறதாம், பொண்ணுக்கும் இருக்குமாம்.

கஸ்தூரி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். அவரிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த மனுஷனை இப்படி ஊர் நடுவில் நிற்க வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? யாரைக் கேட்டுப் படம் எடுத்தாய்? இன்னும் எந்தெந்த ஊரில் தொங்குகிறார்?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

சரோஜா


சென்னை
9-12-1979

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் இருக்கமுடியாது.

மாமாவைக் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்டது நான், சரி என்றது அவர். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், நீ மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம். ஆஸ்பத்திரிக் கணக்குக்காக எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சீட்டில் எழுதிக் காட்டினார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, 'அவன் புகையிலை போடறானா?' என்று எழுதினார். அப்போதுதான் கண்காட்சி யோசனையைச் சொன்னேன். ஊர் ஊராகப் போகும் மாமா, பெரிதாக வைப்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவர் ஏலத்தில் செய்கிற மாதிரி கையைத் தூக்கினார். ஒரு விரல். இரண்டு விரல். மூன்று விரல். ஸ்டூலில் ஓங்கி ஒரு தட்டு. குரல் இல்லாமல் ஏலம் முடித்தார் அக்கா. அப்புறம் உன் பக்கம் கையைக் காட்டி, சொல்லாதே என்று தலையசைத்தார். நானாக அந்தப் படத்தைத் திருடவில்லை.

திருவண்ணாமலைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்பதை முடிவு செய்கிறவர்கள் வேறு. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கல்யாணத்தை நிறுத்தியது அந்தப் படமா, கட்டி என்று நீ சொன்ன பொய்யா? இதை எழுதியிருக்கக்கூடாது. பேனாவால் அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று அப்படியே விடுகிறேன்.

கஸ்தூரியிடம் நான் பேசவேண்டும். வரட்டுமா?

சக்கரபாணி


திருவண்ணாமலை
2-3-1980

தம்பிக்கு,

நீ தீபம் முடிந்ததும் போட்டதையும் பொங்கலுக்குப் போட்டதையும் பிரிக்காமலே வைத்திருந்தேன். போன மாதம்தான் படித்தேன். படித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்று, "நீங்கதான் சொன்னீங்களா?" என்று கேட்டேன். நீ எழுதியிருந்தபடியே மூன்று விரலையும் காட்டினார். கஸ்தூரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றாள். "கல்யாணம் ஆவறவரைக்கும் பொறுத்திருக்கக்கூடாதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் புரியும். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. எனக்கு அவர் சொல்வது புரிவதில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்காத மாதிரி இருக்கிறது.

மறுநாள் சந்தை நாள். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். நேராக மண்டிக்குப் போய், சகாதேவன் ஏலம் கூறுகிற மேடையில் ஏறி நின்று, துண்டை அவிழ்த்துவிட்டார். சகாதேவன் வாயில் இருந்த எண்ணிக்கை அப்படியே நின்றுபோயிற்று. இவர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்களை ஒருவர் ஒருவராகக் கையால் காட்டினார். நீ. நீ. நீயும். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மூட்டை தூக்குகிற ஆட்கள் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்கள். ஒரு ஆள் பொட்டலத்தையே சாக்கடையில் போட்டான். நசீருதீன் சாயபு கண்ணைத் துடைத்துக்கொண்டே இவரைக் கைபிடித்து இறக்கினார்.

நானும் அன்று வீட்டுக்கு வந்து என் சுருக்குப்பையைக் காலி செய்தேன். இந்தத் தடவை திரும்பப் போடவில்லை. தலைவலியும் எரிச்சலுமாகத்தான் இருக்கிறது, ஆனால் போடவில்லை.

மண்டி ஆட்கள் அடுத்த சந்தைக்குத் திரும்பவும் கன்னத்தில் உருண்டையோடுதான் வந்தார்கள். இவரும் திரும்பப் போனார். அதற்கடுத்த சந்தைக்கும் போனார். அதற்குப் பிறகு சாயபு வீட்டுக்கே வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"சரோஜாம்மா, அவரு பண்றது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா குடியானவங்க மூட்டைய வேற மண்டிக்கு எடுத்துனு போறாங்க. காலங்காத்தால அந்த மூஞ்சியப் பாத்தா யாவாரம் ஆவாதுன்றாங்க. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

அவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து சாயபுவுக்குக் கும்பிடு போட்டார். பிறகு போகவில்லை.

இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும், கை வரவில்லை. காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்படுகிறது. கல் மாதிரி இருக்கிறது.

சரோஜா


சென்னை
6-3-1980

அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்துப் பேசினேன். திரும்ப அறுக்க முடியுமா என்பது பார்த்தால்தான் தெரியுமாம். அதே இடத்தில் இன்னொரு தரம் கரண்ட் வைக்க முடியாதாம். சனிக்கிழமை நானே வருகிறேன். வீட்டுக்குள் விடுவாயா மாட்டாயா என்று யோசிக்காமல் வருகிறேன்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
20-7-1980

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி கிடைத்து வந்து கொள்ளி வைக்கிற வரைக்கும் கூட இருந்தாய். காரியத்துக்கு லீவு இல்லை என்று நீ போனபிறகு நடந்ததை எழுதுகிறேன்.

இனி அறுக்க முடியாது என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் எப்படிப் போனார் என்று நீ அன்று கேட்கவில்லை. கேட்கப் பயந்தாய். காலையில் கஞ்சி கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுத்துக் கட்டி உடைந்து ரத்தம் பீய்ச்சியடித்தது. துணியை வைத்து அழுத்தினேன், கஸ்தூரி ஓடிவந்து என் கைமேல் கை வைத்து அழுத்தினாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசவில்லை. அதை நினைத்து அவள் இப்போது என்னோடும் பேசுவதில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு மட்டும் தட்டில் வைத்தேன். பங்காளி வீட்டுப் பாஞ்சாலை, "பொகையில எங்க?" என்றாள். இந்த வீட்டில் கிடையாது என்றேன். "சாவு வூட்ல இது ஒரு மரியாதையா?" என்று முணுமுணுத்துவிட்டு, தன் பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். எந்த வியாதியில் போனவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் படையல். இலையில் வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. ஆதிமூலம் வந்து வெற்றிலையை வைத்து, அதன்மேல் ஒரு புகையிலைத் துண்டையும் வைத்தார்.

"அத எடுங்க" என்றேன்.

"அவன் ஆசைப்பட்டத வெக்காம வேற இன்னாத்த வெக்கறது?"

"அவரத் தின்னத அவருக்கே வெக்கறீங்களா?"

"சரோஜா, எல்லாரும் பாக்கறாங்க. சும்மா இரு."

நான் இலையிலிருந்து அதை எடுத்து வெளியே வீசினேன். படையலில் கை வைத்துவிட்டாள் என்று ஒரே கூச்சல். பாதிப் பேர் சாப்பிடாமல் போய்விட்டார்கள். எல்லோரும் போனபிறகு ஆதிமூலம் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கும் கன்னத்துல வெள்ளையா படர்ந்துனு இருக்குது சரோஜா. அவனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது" என்றார். அழுதார். மெட்ராசுக்குப் போகலாம், தம்பி பார்த்துக்கொள்வான் என்றேன். தலையை ஆட்டினார். வரமாட்டாராம். அழுதுகொண்டே மடியை அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சரோஜா


சென்னை
3-11-1980

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

தீபத்துக்குக் கண்காட்சி திரும்பவும் அங்கே வருகிறது. மாமாவின் படமும் பட்டியலில் இருக்கிறது. வீட்டார் ஒப்பாவிட்டால் வைக்கக்கூடாது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். கஸ்தூரியையும் கேள். அவள் வேண்டாம் என்றால் உன்னுடைய சம்மதம் எனக்குப் போதாது.

உன்னைச் சம்மதிக்க வைப்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. போன மாதம் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார். வாயில் வெள்ளைத் திட்டு, புண்ணாக மாறவில்லை. சின்ன ஆபரேஷனோடு அனுப்பிவிட்டார்கள். பேசுகிறார், சாப்பிடுகிறார். எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டேன். "கண்காட்சியில ஒரு வடநாட்டுக்காரர் படம் வெச்சிருந்தாங்க சார், தாடையே இல்ல" என்றார். அது வடநாட்டுக்காரர் இல்லை, எங்கள் மாமா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

ஆதிமூலம் மாமா எப்படி இருக்கிறார்? நான் எழுதியதற்குப் பதில் இல்லை.

சக்கரபாணி


திருவண்ணாமலை
28-11-1980

அன்புள்ள தம்பிக்கு,

வை, ஆனால் பெயரைப் போடு என்று கார்டில் எழுதியிருந்தேன். அதன்படி செய்ததற்குச் சந்தோஷம். கஸ்தூரியைக் கேட்டபோது, "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். அது சம்மதமா என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

முதல் நாளே போய்ப் பார்த்தேன். பட்டையை எடுத்துவிட்டீர்கள். கண் நன்றாகத் தெரிகிறது. கீழே 'ராஜமாணிக்கம், ஏலக்காரர், திருவண்ணாமலை' என்று கறுப்பு எழுத்து. இந்தத் தடவை வடநாட்டுக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வந்து நின்றுவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்கள். சகாதேவன் வந்தான். வெகுநேரம் நின்றான். மடியில் கையை வைத்தான், எடுத்துவிட்டான். வெளியே போய் என்ன செய்தான் என்று தெரியாது. கொட்டகைக்கு எதிரிலேயே ஒரு புகையிலைக் கடை. தீபத்துக்கு வந்த கும்பலில் அங்கேதான் ஜாஸ்திக் கூட்டம்.

ஆதிமூலத்துக்குப் புண் ஆகிவிட்டது. அவர் வரவேயில்லை. பிள்ளைகள் யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போளூர்ப் பையனுக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. கஸ்தூரியைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. இனி வருவார்களா என்பதும் தெரியாது.

தீபத்தன்று சாயங்காலம் மலை மேலே ஜோதி தெரிந்து எல்லோரும் அரோகரா போட்டுக்கொண்டிருந்தபோது நான் கொட்டகையில்தான் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி வாசலில் நிற்கிறாள். இத்தனை நாள் அந்தத் தெருப்பக்கமே வராதவள். உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றாள். பக்கத்தில் நாலைந்து வெளியூர்ப் பிள்ளைகள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "யார்றா இது, இப்டி கீறான்?" என்றான்.

"எங்கப்பா" என்றாள் கஸ்தூரி.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியாம சொல்லிட்டேங்க" என்று இழுத்தான். இவள் விடவில்லை. "கிட்ட வந்து பாருங்க. பொகையில போட்டாரு. மொதல்ல சின்னப் புண்ணுதான். உஷ்ணம்னு சொன்னாரு" என்று ஆரம்பித்தாள். அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள். கஞ்சி வழிந்தது, நாக்கை எடுத்தது, ரத்தம் வந்தது, தான் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே போகிறவர்களும் உள்ளே வந்து நின்றார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். கொட்டகைக்காரர் விளக்கை அணைக்க வந்தவர், அவள் முடிக்கிற வரைக்கும் நின்றார்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் நின்று, "நாளைக்கும் போறேம்மா" என்றாள். மறுநாளும் போனாள். தட்டிகளைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

இங்கேயிருந்து படம் எந்த ஊருக்குப் போகிறது என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். எந்த ஊராக இருந்தாலும் பெயரோடு வைக்கச் சொல்.

அக்கா
சரோஜா